புகையும் காவல் உத்தியோகமும்

ஊரைக் காக்கும் உத்தியோகத்தை விரும்பி ஏற்ற ஒருவர், வேலை முடிந்து வீடு திரும்பியபின் தம் வாசலில் நின்று பிடித்த ஒரே ஒரு சிகரெட்டினால் அவ்வுத்தியோகத்தை இழக்கக் கூடுமா என்று வினவினால், கூடாதென்றே நம்மிற் பலர் விடை பகர்வர். ஆயினும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1988 ஜனவரி முதல் தேதிக்குப் பின் காவல் துறையிலோ தீயணைப்புத் துறையிலோ சேர்ந்தவர்களுக்கு அது நேரக்கூடியதே. ஓய்வூதியச் சீர்திருத்தத்தின் அங்கமாக 1987-இல் பிறந்த அம்மாநிலச் சட்டம் ஒன்று, புகைபிடிப்பவர் நியமனத்துக்குத் தகுதியற்றவரென்றும், நியமனத்துக்குப் பின் புகைத்தவர் பதவியில் நீடிக்கலாகாதென்றும் விதித்ததோடு, பணிநேரத்துக்கும் ஓய்வுநேரத்துக்கும் பேதம் பாராட்டவில்லை.

இக்கடுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. சேரும்பொழுது நடந்த வைத்தியப் பரிசோதனையில் இருதயக் குறையேதும் காணப்படாத காவலர் பின்னாளில் இருதய நோயாலோ இரத்தக் கொதிப்பாலோ செயலிழந்தால், அது உத்தியோகத்தின் விளைவே என்று, தக்க மறுசான்று கிட்டாதவரை, அம்மாநிலச் சட்டம் அநுமானித்து, அதற்குரிய ஓய்வூதியத்துக்கு வழிசெய்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைக் கவர்ந்துகொள்ள, நிகோடின் இருதயத்தை விரைவுபடுத்தி நாளங்களைச் சுருக்குவதால், பணியின் அலைச்சலால் வரக்கூடிய அதே வியாதியைப் புகையும் தருகிறது. ஆகவே, சலுகையை அளித்த ராஜாங்கம் அதற்கு ஈடாக ஒரு விரதத்தையும் கேட்கிறது.

இவ்விரதம் குலைந்தால் அபராதமோ தற்காலிக நீக்கமோ போதாதா என்ற வழக்கு, பிளிமத் நகரக் காவலர் ஒருவரின் பொருட்டு எழுந்தபோது, மாநில உச்ச நியாயஸ்தலம் 1997-இல், பணிநீக்கம் கட்டாயமானது, தண்டனையைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. ஆதலின் குற்றம் சாட்டப்பட்டவர் காரணத்தை எழுத்தில் பெறவும், விசாரணையில் தம் பக்கத்தைச் சொல்லவும், சிவில் சர்வீஸ் ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யவும் உரிமையுள்ளவராயினும், அந்த வாதம் பெரும்பாலும் புகைத்தது மெய்யா என்பதைப் பற்றியதாகவே அமையும்.

எல்லா மாநிலங்களும் இவ்வழியில் செல்லவில்லை. பாதிக்கு மேற்பட்டவை, ஓய்வுநேரத்தில் புகைப்பதைக் காரணங்காட்டி ஒருவரை விலக்கலாகாதென்று ஊழியர்களுக்குப் பாதுகாப்பளிக்கின்றன. அவற்றுட் சிலவற்றில் விதிவிலக்குகளும் உண்டாதலால், விண்ணப்பிக்கும் ஊரின் விதி யாதென்பதைக் கையொப்பமிடுமுன் வாசித்தறிவதே முதற் பரிகாரமாகும்.

இரண்டாவது பரிகாரம் பழக்கத்தை விடுவதே. மாசசூசெட்ஸ் சட்டத்தின் வாசகம் புகைத்தலையே தடுப்பதால், அப்பழக்கத்தினின்று மீள வைத்தியர் அளிக்கும் நிகோடின் பட்டையும் மெல்லும் கோந்தும் அத்தடையுள் அடங்கா. விட்ட சில நாட்களில் எரிச்சலும் உறக்கமின்மையும் மிகுந்து, சில வாரங்களில் தணியும். ஓராண்டு கடந்தால், புகையினால் கூடியிருந்த இருதய நோயின் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும்.

நிகோடினுக்கு அடிமையாதல் ஒழுக்கக்கேடன்று, வியாதி. ஆதலின், ஒரு முறை தவறியவரை மன்னிக்க இடமற்ற சட்டத்தை இயற்றிய ராஜாங்கம், பயிற்சிப் பள்ளியிலேயே, தவறு நேருமுன், சிகிச்சையை இலவசமாக அளிப்பதன்றோ நியாயம்!