"இன்னொரு காசு தருகிறேன், நிறுத்துங்கள்!"

வியன்னா நகரம். 1805-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி. அங்குள்ள நாடகக் கொட்டகை ஒன்றில் பீத்தோவனின் மூன்றாவது சிம்பனி அரங்கேறியது.

வாத்தியங்கள் முழங்கிக்கொண்டே இருந்தன. முடிகிற வழியைக் காணோம்! மாடியில் இருந்த ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னொரு காசு வேண்டுமானாலும் தருகிறேன், நிறுத்துங்கள்!" என்று கத்தினாராம்.

அவர் மீது குற்றம் இல்லை. அதுவரை அவர் கேட்ட சிம்பனி வேறு, இது வேறு.

பலவகை வாத்தியங்கள் ஒன்று சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைக்கு சிம்பனி என்று பெயர். பெரும்பாலும் அதில் நான்கு பகுதிகள் இருக்கும். முதல் பகுதிக்குத்தான் மவுசு அதிகம்.

சத்தத்தை அடக்க வந்த இசை

சிம்பனி பிறந்த கதை வேடிக்கையானது. இத்தாலியில் இசை நாடகம் தொடங்கும் முன் சிறிது நேரம் வாத்தியம் வாசிப்பார்கள். கொட்டகையில் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அதை மீறிக் காதில் விழவேண்டுமே! ஆகவே தொடக்கம் தடபுடலாக இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

18-ம் நூற்றாண்டில் அது நாடகத்தை விட்டுப் பிரிந்து, தனி இசையாக வளர்ந்தது. வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹைடன். இவர் 1761 முதல் எஸ்தர்ஹாசி என்ற பிரபு குடும்பத்தில் வேலை பார்த்தவர். நூற்றுக்கும் அதிகமான சிம்பனிகளை எழுதினார்.

அந்தக் காலத்தில் முதல் பகுதி ஒரு கதை போல அமைந்தது. முதலில் ஒரு மெட்டு வரும். பிறகு சுருதி மாறும். இன்னொரு மெட்டு வரும். அப்புறம் இந்த மெட்டுகள் சுருதி சுருதியாக அலையும். துண்டு துண்டாக உடையும். கடைசியில் பழைய சுருதிக்கே வீடு திரும்பும். கேட்பவருக்கு "அப்பாடா" என்று இருக்கும்!

லண்டன் ரசிகர்களுக்காக ஹைடன் 12 சிம்பனிகள் எழுதினார். அவற்றில் 11 சிம்பனிகள் மெதுவான முன்னுரையுடன் தொடங்குகின்றன. 1795-ல் அரங்கேறிய ஒன்றில், முதலில் கேட்பதே பேரிகை உருளும் ஓசைதான்.

பளார்! பளார்!

பீத்தோவனுக்கோ காது மந்தமாகிக்கொண்டே வந்தது. உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்ததாக 1802-ல் தம்பிகளுக்கு எழுதினார். கலைதான் தன்னைத் தடுத்தது என்றும் எழுதினார். மறு ஆண்டு மூன்றாவது சிம்பனியில் முழுமூச்சாக இறங்கினார்.

முன்னுரை கிடையாது. பளார், பளார் என்று இரண்டு அறை! உடனே கதை தொடங்கிவிடுகிறது. முதல் பகுதி மட்டுமே கால் மணி நேரம் ஓடும். மெட்டுகள் அலைகிற பாகம் மிக நீளம். அதன் நடுவே, யாரும் எதிர்பாராத புது மெட்டு ஒன்றும் நுழைகிறது.

வீடு திரும்பும் நேரத்தில் இன்னொரு குறும்பு. மற்ற வாத்தியங்கள் வருமுன் ஒரு கொம்பு மட்டும் முந்திக்கொண்டு பழைய மெட்டை ஊதுகிறது. ஒத்திகையில் இதைக் கேட்ட சீடர் ரீஸ், கொம்புக்காரர் தப்பாக நுழைந்துவிட்டார் என்று திட்டினார். பீத்தோவன் அவர் கன்னத்தில் அறையாத குறைதான்! அவர் எழுதி வைத்ததே அப்படித்தான்.

பின்னால் வந்தவர்கள் திணறினார்கள். பிராம்ஸ் 1862-ல் ஒரு முதல் பகுதியை எழுதி, பியானோ மேதை கிளாரா ஷூமானுக்கு அனுப்பினார். அந்தச் சிம்பனி அரங்கேறியதோ 1876-ல்! பேரிகை விடாமல் அடிக்க, நெஞ்சைப் பிசைவது போல் வரும் அதன் முன்னுரை, பிறகு சேர்த்ததுதான். அது இல்லாமல் அந்தச் சிம்பனியை இன்று நினைக்கவே முடியவில்லை.

மாலர் இன்னும் துணிந்தார். 1902-ல் முழுமையாக அரங்கேறிய அவருடைய மூன்றாவது சிம்பனியின் முதல் பகுதிக்கு மட்டும் அரை மணி நேரம் போதாது!

1924-ல் பின்லாந்து நாட்டு சிபேலியஸ் தம் ஏழாவது சிம்பனியை ஒரே பகுதியாக எழுதி முடித்துவிட்டார். முதல் பகுதியும் அதுதான், கடைசிப் பகுதியும் அதுதான்!