சண்டையே இல்லாமல் வீரப் பதக்கமா? நீர்மூழ்கி கப்பலில் உயிரைக் கொடுத்த 2 அதிகாரிகள்

சென்னை:-

பெசன்ட் நகர் பீச்சுக்கு சாயங்காலம் காத்து வாங்கப் போறவங்க எல்லோருக்கும் அந்த வெள்ளை மண்டபம் தெரியும். பலர் நிழலுக்கு ஒதுங்குவதோடு சரி. யாருக்காகக் கட்டியது தெரியுமா?

கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காக. 1930 டிசம்பர் 30-ந்தேதி கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய், அவரே மூழ்கி இறந்தார். எதிரியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் அது வீரம்தான்.

ராணுவத்திலும் இதே கணக்குதான். போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்கு பரம்வீர் சக்ரா. போர் இல்லாத நேரத்து வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சவுர்யா சக்ரா என்று மூன்று விருதுகள். 1952-ல் கொண்டு வரப்பட்டவை. 'அமரன்' படத்தில் பார்த்தோமே, நம்ம தாம்பரம் மேஜர் முகுந்த் வரதராஜன்... அவருக்குக் கிடைத்தது அசோக சக்ரா.

புகை சூழ்ந்த அறை

முகுந்த் வீரமரணம் அடைந்த அதே 2014-ல் கடலுக்குள்ளும் ஒரு சம்பவம். பிப்ரவரி 26-ந்தேதி அதிகாலை. பழுது பார்த்து முடித்த 'சிந்துரத்னா' நீர்மூழ்கி கப்பல், மும்பை கடலில் சோதனை ஓட்டத்தில் இருந்தது. உள்ளே 94 பேர். திடீரென்று மூன்றாவது பகுதியில் தீ. குபுகுபுவென புகை!

வீட்டில் தீ பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். நீர்மூழ்கியில் எங்கே ஓடுவது? ஜன்னல் கூட கிடையாது. புகை அடுத்த பகுதிக்குப் பரவினால் எல்லோருக்குமே ஆபத்து. அதனால் தீ பிடித்த பகுதியின் கதவை அடைத்தே ஆக வேண்டும்.

அந்தப் பகுதியில் லெப்டினன்ட் கமாண்டர் கபிஷ் முவால், லெப்டினன்ட் மனோரஞ்சன் குமார் என்ற 2 இளம் அதிகாரிகள் தீயோடு போராடினார்கள். கூட இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் மட்டும் திரும்பவில்லை. மூச்சுத்திணறிய 7 பேர் ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டு பிழைத்தார்கள். கப்பலும் தப்பியது.

அன்றே கடற்படைத் தளபதி டி.கே.ஜோஷி தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். இறந்த இருவருக்கும் சவுர்யா சக்ரா அறிவிக்கப்பட்டது.

கோடுகளை எண்ணுங்க

எந்த விருது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்றுக்குமே பச்சை ரிப்பன்தான். ஒரு ஆரஞ்சு கோடு இருந்தால் அசோக சக்ரா. இரண்டு என்றால் கீர்த்தி சக்ரா. மூன்று என்றால் சவுர்யா சக்ரா. இதில் இன்னொரு விஷயம், சீருடை போடாத சாதாரண மக்களுக்கும் இந்த விருதுகள் உண்டு.

ஜனாதிபதி மாளிகையில் பதக்கம் கொடுப்பதை அடுத்த தடவை டி.வி.யில் பார்த்தால் கோடுகளை எண்ணிப் பாருங்க. பெசன்ட் நகர் பக்கம் போனால், அந்த மண்டபத்துக் கல்வெட்டையும் ஒரு நிமிடம் நின்று படித்து விட்டு வாங்க.