ரெடிமேட் சட்டை எந்த வீட்டுக்கு?

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் திருவனந்தபுரத்தின் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கிறது சூரியன். அந்த வெயிலை முழுசாக வாங்கிக்கொள்வது மொட்டைமாடிதான். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் தளம் கீழே இறக்கும்போது இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. மேல் மாடியில் குடியிருப்பவருக்கு ஏ.சி. வாங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் மின் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த உச்சம் வந்ததும் பகலில் அல்ல, இரவில்.

இதற்கு ஐரோப்பாவில் ஒரு மருந்து இருக்கிறது. நெதர்லாந்தில் பிறந்த 'எனர்ஜிஸ்ப்ரோங்' திட்டத்தில் பழைய வீட்டை லேசர் கருவியால் அளக்கிறார்கள். வெப்பத்தைத் தடுக்கும் சுவர்ப் பலகைகளையும் சோலார் பதித்த கூரையையும் தொழிற்சாலையிலேயே தயாரித்து, கிரேனால் தூக்கி வீட்டின் மேல் மாட்டிவிடுகிறார்கள். பத்து நாளில் வேலை முடிய வேண்டும், குடியிருப்பவர் காலி செய்யவும் வேண்டாம் என்பது இலக்கு. ஆனால் அங்கும் கண்ட வீட்டுக்கெல்லாம் இந்தச் சட்டையைப் போடுவதில்லை. ஒரே அச்சில் கட்டியவை, முகப்பு தட்டையானவை, ஒரே உரிமையாளரின் கையில் இருப்பவை என்று பார்த்துத்தான் பொறுக்குகிறார்கள். ஒரு வீட்டுக்கு எடுத்த அளவு நூறு வீட்டுக்கு உதவினால்தான் செலவு கட்டுப்படியாகும்.

அந்தக் கணக்கில் திருவனந்தபுரத்தில் முதலில் கண்ணில் படுவது அக்ரகாரங்கள். கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியும், கரமனையிலும், வலியசாலையிலும் தமிழர்கள் தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். காகிதத்தில் நெதர்லாந்து வீடேதான். நேரில் போனால் கதை வேறு. ஒரு வீடு ஓடு, அடுத்தது கான்கிரீட், அதற்கடுத்ததில் மாடி ஏறியிருக்கிறது. கிரேன் திரும்ப இடமில்லை. கோயிலை ஒட்டிய பகுதிகளில் கட்டுமானக் கட்டுப்பாடுகள் வேறு. தவிர, ஓட்டுக் கூரையும் அதன் கீழே மரத்தட்டும் உள்ள பழைய வீட்டுக்கு வைத்தியமே அவ்வளவாகத் தேவையில்லை.

லாரி பேக்கரின் கட்டிடங்களும் பட்டியலில் வராது. உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்துக்காக அவர் எழுப்பிய செங்கல் சுவர்களில் ஓட்டை ஓட்டையான ஜாலிகள்தான் ஜன்னல். அவற்றின் மேல் பலகை மாட்டுவது மூக்கைப் பொத்துவதற்குச் சமம். ஆனால் அதே வளாகத்தில் ஏ.சி. தேவைப்பட்ட கம்ப்யூட்டர் மையத்துக்கு பேக்கர் இரட்டைச் சுவர் வைத்தார். வெளியே வட்ட வட்டமாக வளையும் ஜாலிச் சுவர், உள்ளே மூடிய அறை. வெளிச்சட்டை எங்கே தேவை என்பதை அவர் அப்போதே அளந்துவிட்டார்.

உண்மையான பாகுபாடு அதுதான். கழக்கூட்டம் டெக்னோபார்க் மாதிரி நாள் முழுக்க ஏ.சி. ஓடும் கட்டிடங்களுக்கு முழுச் சட்டை லாபம். ஜன்னலைத் திறந்துவைத்து வாழும் வீட்டில் அதையே மாட்டினால் அடுப்பின் சூடும் மனிதர்களின் சூடும் இரவில் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். கடலோர ஈரக்காற்றில் சுவர் பூஞ்சை பிடிப்பதும் சுலபம். இந்த வீடுகளுக்குத் தேவை ஒரு குடை. கூரைக்கு முதலில், மேற்குச் சுவருக்கு அடுத்து.

கேரளத்துக்காரர்கள் குடையை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். மொட்டைமாடி மேல் இரும்புக் குழாய் நிறுத்தி ஷீட் போடும் 'டிரஸ் வொர்க்' தெருவுக்குத் தெரு தெரிகிறது. போட்டது மழைக் கசிவுக்குப் பயந்து. நிழல் கிடைத்தது உபரி. பக்கங்களைத் திறந்து வைத்தால் காற்று ஓடும், தளம் குளிர்ந்திருக்கும். பலர் அதையும் அடைத்து அறையாக்கிவிடுகிறார்கள். வலியதுறை மாதிரி கடலோரத்தில் குழாயை உப்புக் காற்று தின்னும் என்பதை யாராவது கணக்கில் எடுப்பதும் குறைவு.

எல்லாப் பரிசோதனையிலும் தேறக்கூடியவை அரசு ஊழியர் குவார்ட்டர்ஸும் வீட்டுவசதி வாரிய அடுக்குகளும். ஒரே வரைபடம், தட்டைக் கூரை, லாரி போகும் வழி. அங்கும் முதலில் சுத்தியலால் தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் தளத்தின் மேல் புதுக்கூரை போட்டால் நோய் மறையும், தீராது. தண்ணீர்த் தொட்டி எங்கே, தென்னை நிழல் விழுகிறதா என்பதெல்லாம் அப்புறம்தான்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் கொண்டுவந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' கூரை வழியே எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று வரம்பு கட்டுகிறது. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இறக்கும். ஆனால் அந்த விதி புதுக் கட்டிடத்துக்காக எழுதப்பட்டது. பழையதில் பணம் யார் போடுவது? மாற்றலாகிப் போகிற ஊழியர் கூரைக்குச் செலவழிக்க மாட்டார். கூரையைப் பராமரிக்கும் பொதுப்பணித் துறைக்கு ஏ.சி. பில் வருவதில்லை. தனியார் ஃப்ளாட்டில் மொட்டைமாடி எல்லோருக்கும் சொந்தம், சூடு மேல் மாடிக்காரருக்கு மட்டும். நெதர்லாந்தில் இதற்கு 2016-ல் சட்டம் போட்டார்கள்: குடியிருப்பவர் மிச்சப்படுத்திய மின்சார, எரிவாயுப் பணத்தை வீட்டு உரிமையாளரான சங்கம் கட்டணமாக வசூலித்து, சீரமைப்புச் செலவை ஈடுகட்டலாம்.