கடைசித் தேதி போனால் படிப்பும் போயிற்றா?

சென்ற ஆண்டு ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் மகள் ஏ நிலைத் தேர்வில் தேறியவள். "மார்க் குறைவு, மாமா. எங்கே கிடைக்கப்போகிறது என்று மனுவே போடவில்லை" என்றாள்.

சிங்கப்பூரில் அந்தத் தேர்வு முடிவு பிப்ரவரி கடைசியில் வருகிறது. தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பெரும்பாலும் மார்ச் நடுவிலேயே மனு வாங்குவதை நிறுத்திவிடும். மூன்று நான்கு வாரந்தான்! கிடைக்காது என்று அவர்கள் சொல்வதற்குள் நம் பிள்ளைகள் தாமாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வழி இருந்தது. 2017-இல் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமான சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களை ஜூலை, ஜனவரி என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கிறது. குடிமக்களுக்கு அரசாங்க மானியமும் உண்டு. ஜனவரிக்கு மனுப் போடச் சொன்னேன்.

தோட்டத்துப் பெற்றோரே, வெளிநாட்டவரான உங்கள் பிள்ளைக்கு அந்தப் பகுதிநேர மானியம் கிடையாது. முழுநேரப் படிப்பென்றால் கட்டண மானியம் கேட்கலாம். ஆனால், படித்து முடித்தபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுத வேண்டும். ஜாமீனுக்கும் ஆள் வேண்டும். ஜாமீன் என்றதும் ஒதுங்குகிற உறவுக்காரர்களை நமக்குத் தெரியாதா? தேர்வு முடிவு வருமுன்பே பேசி வையுங்கள்.

நான் புறப்பட்ட அன்று, தங்கை வீட்டு முருகன் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மை வட்டம் இருந்தது. போட்டது மருமகள்தான்.