அகாடமியின் முதல் வாரம்: வலியை மறைக்காதீர்கள்

சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் ஏப்ரலில் ஒரு அணியும் அக்டோபரில் ஒரு அணியும் பயிற்சியைத் தொடங்குகின்றன. 1963-ல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். குறுகிய காலப் பணிக்கான பயிற்சி 49 வாரம். அதில் உடம்பும் மனசும் ரொம்பவே தடுமாறுவது முதல் வாரத்தில்தான். தன் உரிமைகளைக் கேடட் அறியாமலே இழப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

முதல் நாட்கள் எப்படி இருக்கும்?

சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, முடிவெட்டு, சாமான் வாங்குவது என்று வரிசையில் நிற்பதிலேயே தொடக்கம் கழியும். பிறகு கோஹிமா, பில்லோரா என்று போர்க்களங்களின் பெயர் தாங்கிய கம்பெனிகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். கைபேசிக்குக் கட்டுப்பாடு வரும். வகுப்புக்கும் மைதானத்துக்கும் சைக்கிளில்தான் ஓட்டம். டிரில் கற்றுத்தரும் உஸ்தாதின் கட்டளைகள் இந்தியில் இருக்கும். 'சாவ்தான்', 'விஷ்ராம்' போன்ற சொற்களை முன்பே பழகிக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

ஒருவர் தாமதமாக வந்தால் அணி முழுவதும் உருண்டு எழ வேண்டியிருக்கும். கேடட்கள் இதை 'ரக்டா' என்பார்கள். தூக்கம் குறையும், திட்டு கூடும். இவ்வளவும் எதிர்பார்க்க வேண்டியவை. அடி, பணம் பறிப்பது, ஆடையைக் களையச் சொல்வது, தண்ணீரைத் தடுப்பது, மருத்துவரிடம் போகவிடாமல் செய்வது ஆகியவை பயிற்சியில் சேராது. செய்வது சீனியர் கேடட்டே ஆனாலும் அது குற்றம்தான்.

உடம்புக்கு வரும் ஆபத்துகள்

ஏப்ரல் அணி இறங்குவது சென்னையின் கோடையில், புழுக்கத்துக்கு நடுவில். தலைச்சுற்றல், குமட்டல், பேச்சில் குழப்பம் மூன்றும் வெப்பத்தால் வரும் பாதிப்பின் அறிகுறிகள். பக்கத்தில் இருப்பவர் உளறினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிரவைத்து, உஸ்தாதைக் கூப்பிட வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம். அதற்கு ஓய்வு மட்டும் போதாது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தால், அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம்.

பயிற்சிக்கு வருமுன் ஆண்கள் 2.4 கிலோமீட்டரை 10 நிமிடம் 30 நொடியில் ஓடவும், 40 புஷ்-அப் எடுக்கவும் பழகியிருக்க வேண்டும் என்று ராணுவத்தின் அண்மை அறிவிப்புகள் சொல்கின்றன. அதைக் கடைசி மாதத்தில் அவசரமாகப் பழகுகிறவர்களுக்கே எலும்பு விரிசல் எளிதில் வருகிறது. பூட்ஸைச் சேருமுன்பே வாங்கி, போட்டுப் பழகுங்கள்.

ஏன் மறைக்கக் கூடாது?

'சிக் ரிப்போர்ட்' போட்டால் சோம்பேறி என்பார்கள், பயிற்சியில் ஒரு பருவம் பின்தங்க நேரும் என்று பயந்து பலர் நொண்டிக்கொண்டே ஓடுகிறார்கள். சட்டப்படி இது ஆபத்து. பயிற்சியில் ஊனமுற்று மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட், முன்னாள் படைவீரராகக் கருதப்படுவதில்லை. அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. மாதம் 9,000 ரூபாய் கருணைத்தொகையும், நூறு சதவீத ஊனத்துக்கு மாதம் 16,200 ரூபாய் ஊனத்தொகையும் தேர்வு அறிவிப்புகளில் குறிப்பிடப்பட்டுள்ளன. ஊனம் குறைவாக இருந்தால் ஊனத்தொகையும் அந்த விகிதத்தில் குறையும்.

இப்படி வெளியேறியவர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்த மாதக் கடைசியில், முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தை மத்திய அரசு அவர்களுக்கும் நீட்டித்தது.

ஆனால் காயம் பயிற்சியால் வந்தது அல்லது பயிற்சியால் மோசமானது என்று மருத்துவக் குழு ஏற்றால்தான் உதவி கிடைக்கும். அதற்கு ஆதாரம் எம்.ஐ. ரூம் எனப்படும் மருத்துவப் பரிசோதனை அறையின் பதிவேடு. வலி தொடங்கிய நாளில் பதிவு இல்லை என்றால், 'முன்பே இருந்த கோளாறு' என்ற பதில் எளிதாக வந்துவிடும். சேருமுன் இருந்த நோயை மறைத்தாலும் இதே கதிதான். குழுக் காப்பீட்டிலும் பழைய நோயால் வரும் ஊனத்துக்குப் பணம் கிடையாது.

விலக நினைத்தால்

பயிற்சியில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. சேரும்போது கேடட்டும் பெற்றோரும் பத்திரம் எழுதித் தருகிறார்கள். உடல்நலம் தவிர்த்த சொந்தக் காரணத்துக்காக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். விலகல் கடிதம் கொடுத்த அன்றே கிளம்பவும் முடியாது. அது ஏற்கப்படும் வரை இருக்க வேண்டும். ஆகவே முதல் வாரச் சோர்வில் முடிவெடுக்காதீர்கள். பிளட்டூன் கமாண்டரிடம் பேசுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் தொடர்ந்தால் அதையும் மருத்துவரிடமே சொல்லுங்கள், அதுவும் பதிவாகட்டும்.

எங்கே முறையிடலாம்?

முதலில் பிளட்டூன் கமாண்டர், அடுத்து கம்பெனி கமாண்டர். வாய்வார்த்தையோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் தொல்லைக்கு 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். நியாயமின்றி வெளியேற்றப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

பெற்றோர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கையெழுத்திட்ட பத்திரம், சேர்க்கைக் கடிதம், தேர்வுக்கான மருத்துவ அறிக்கை மூன்றின் நகலையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். போனில் பிள்ளை கால் வலி என்றால், "பொறுத்துக்கோ" என்பதற்கு முன் "எம்.ஐ. ரூம்ல காட்டினியா, எழுதினாங்களா?" என்று கேளுங்கள்.