கலப்புக் கோழிகளில் நிறம் அமையும் விதம்

கார்வேட்டிநகரத்திலும் அதைச் சூழ்ந்த சித்தூர் மாவட்டச் சிற்றூர்களிலும் மாந்தோப்பை ஒட்டிய வீடுகளில் நாட்டுக்கோழி வளர்ப்பது பழைய வழக்கம். அண்மைக் காலமாகக் கடக்நாத் என்னும் கருங்கோழியின் மீதும் பலருக்கு ஆர்வம் பிறந்துள்ளது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த இந்த இனத்தின் இறைச்சிக்கு 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விலையும் உயர்வு. ஒரு கடக்நாத் சேவலை மட்டும் வாங்கி வீட்டிலுள்ள பெட்டைகளுடன் விட்டால், பிறக்கும் கறுப்புக் குஞ்சுகளைக் கடக்நாத் விலைக்கே விற்கலாம் என்று திட்டமிட்டுக் கடன் கேட்பதுண்டு. இத்திட்டம் எங்கே தடுமாறும் என்பதை வாடிக்கையாளர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். இறகின் நிறம் வேறு, தோலின் நிறம் வேறு. இரண்டையும் வெவ்வேறு மரபணுக்கள் ஆள்கின்றன. கடக்நாத்திலேயே முழுக் கறுப்பு, வெண்கோடு கலந்தது, பொன்னிறம் கலந்தது என மூன்று வகை இறகுகள் உண்டு. ஆகவே கறுப்பு இறகைக் கண்டு கடக்நாத் என்று முடிவு செய்வதும், பொன்னிற இறகைக் கண்டு கலப்பு என்று ஒதுக்குவதும் ஒருங்கே தவறாகும். தோல், கொண்டை, நாக்கு, கால் ஆகியவற்றின் கருமையே இந்த இனத்தின் அடையாளம்.

அக்கருமை ஓங்கிய பண்பு. தாய், தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து வந்தாலும் போதும். ஆயினும் அதை அடக்கி வெளிறச் செய்யும் மற்றொரு மரபணுவும் கோழிகளில் உண்டு. மஞ்சள் அல்லது வெளிர் நிறக் கால் கொண்ட கோழிகளில் பெரும்பாலும் அது காணப்படும். அந்த அடக்கும் மரபணு பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் அமைந்திருப்பதால்தான் கணக்கு சுவையாகிறது.

மனிதரில் ஆணே இரு வேறு வகைப் பாலினக் குரோமோசோம்களை உடையவர். கோழியினத்தில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. பெட்டைக் குஞ்சு தன் இசட் குரோமோசோமைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெறுகிறது. தாயின் இசட் மகன்களுக்கே போய்ச் சேரும்.

இப்போது கடக்நாத் சேவலை மஞ்சள் கால் பெட்டையுடன் சேர்ப்போம். தாயிடமுள்ள அடக்கும் மரபணு மகன்களுக்குச் செல்லும். அவை மங்கிய கருமையுடன் வளரும். மகள்களுக்கு அது கிட்டாது. அவை நன்கு கறுத்திருக்கும். மாறாக, மஞ்சள் கால் சேவலைக் கடக்நாத் பெட்டையுடன் சேர்த்தால், சேவலின் இரு இசட் குரோமோசோம்களிலும் அடக்கும் மரபணு இருக்கும்பட்சத்தில், ஒரு குஞ்சும் நன்கு கறுக்காது. இங்கிலாந்தில் பேட்சனும் பன்னெட்டும் 1911ஆம் ஆண்டிலேயே, கருந்தோல் கொண்ட சில்க்கி இனத்தைப் பழுப்பு லெகார்னுடன் கலந்து இதே முடிவை வெளியிட்டனர்.

முதல் தலைமுறைக் கறுத்த பெட்டைகள் பார்வைக்குக் கடக்நாத்தாகவே தோன்றும். அவற்றை அவற்றின் உடன்பிறந்த சேவல்களுடனேயே இணைத்தால் என்ன ஆகும்? சராசரியாக 16 குஞ்சுகளில் 6 நன்கு கறுத்தும், 6 மங்கிய கருமையுடனும், 4 சாதாரணத் தோலுடனும் பிறக்கும். தூய இனம் என்று நம்பிக் குஞ்சு வாங்கிச் சென்றவர் அடுத்த ஆண்டில் திரும்பி வந்து விற்றவரிடம் நியாயம் கேட்பார். விற்றவரும் பல சமயங்களில் நல்லெண்ணத்துடனேயே விற்றிருப்பார் என்பதுதான் வருத்தம்.

வெள்ளைக் கோழியும் இப்படி ஏமாற்றக்கூடியதே. வெள்ளை லெகார்னின் வெண்மை ஒரு நிறமன்று. அடியிலுள்ள நிறத்தின் மீது விழுந்த திரை. வெள்ளை லெகார்ன் சேவலுக்கு வண்ண நாட்டுப் பெட்டைகளிடம் பிறப்பவை பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். ஆங்காங்கே கரும்புள்ளிகள் தென்படலாம். பேரக்குஞ்சுகளில் பழைய நிறங்கள் மீண்டும் தலைகாட்டும்.

நிறம் உண்மையாகவே பயன்தரும் இடமும் உண்டு. வரியிட்ட பிளைமவுத் ராக் இனத்தின் வரி மரபணுவும் இசட் குரோமோசோமில் உள்ளது. வரியில்லாத ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வரியுள்ள பெட்டையுடன் இணைத்தால், பொரித்த அன்றே தலையில் வெளிர்ப் புள்ளியுள்ள குஞ்சு சேவல் என்றும், புள்ளியற்றது பெட்டை என்றும் பிரித்துவிடலாம். முட்டைக்காக வளர்ப்பவர் சேவல் குஞ்சுகளை முதல் நாளே ஒதுக்கித் தீவனச் செலவைக் குறைக்கலாம். இணையைத் திருப்பிப் போட்டால் எல்லாக் குஞ்சுகளும் வரியுடன் பிறந்து, பிரிக்கும் வசதி போய்விடும்.

ஐதராபாத் ராஜேந்திரநகரிலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகியவற்றின் வண்ண இறகுகளும் வெறும் அழகுக்காக அல்ல. புறக்கடையில் மேயும் பறவை மண்ணோடும் செடியோடும் கலந்து தெரிந்தால் பருந்தின் கண்ணில் எளிதில் படாது. ஆனால் இவை தனித்தனிப் பெற்றோர் வரிசைகளைக் கலந்து பெறப்பட்ட பறவைகள். வனராஜாவின் முட்டையை வீட்டில் அடைவைத்தால் குஞ்சு பொரிக்கும். நிறமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். எடையும் முட்டை எண்ணிக்கையும் அவ்வாறே தொடரும் என்று எதிர்பார்க்க இயலாது. ஒவ்வொரு முறையும் புதுக் குஞ்சு வாங்கும் செலவைத் திட்ட அறிக்கையில் சேர்க்க வேண்டுவதன் காரணம் இதுவே.

கிசான் கடன் அட்டை வசதி 2019 முதல் கால்நடை, கோழி வளர்ப்புக்கான நடைமுறை மூலதனத்திற்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. தாய்க்கோழிப் பண்ணையும் பொரிப்பகமும் அமைக்க விரும்புவோர், தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் 50 விழுக்காடு, அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய் மானியத்திற்கு விண்ணப்பிக்கலாம். இவ்விரண்டாம் வகையினர் எந்தச் சேவல் எந்தப் பெட்டைக் கூட்டத்துடன் விடப்பட்டது, எந்த நாளில் முட்டை எடுக்கப்பட்டது என்ற பதிவேட்டைத் தொடக்கம் முதலே பேண வேண்டும். இனங்களைத் தனித்தனிக் கொட்டகையில் அடைப்பதற்கான செலவையும் மதிப்பீட்டில் காட்டுதல் வேண்டும். கடக்நாத் வளர்ப்போர் சேவலோடு பெட்டைகளையும் நம்பகமான இடத்தில் வாங்கி, அந்த ரசீதை விண்ணப்பத்துடன் இணைத்தால் எங்கள் கிளை அலுவலர்களுக்குத் திட்டத்தை மதிப்பிடுவது எளிதாக இருக்கும்.