களத்தில் காத்திருக்கும் நெல்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. மதுராந்தகம் அருகே உழவர் வீட்டில் பிறந்து, தாம்பரம் ரயிலேறிக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவன் நான். அந்தக் கணக்கை இங்கு விளக்க விழைகின்றேன்.

1972-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வழியே நெல் வாங்குகின்றது. 2025-26 பருவத்திற்கு, மாநில அரசின் ஊக்கத்தொகை சேர்த்துச் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதத்தை மிஞ்சலாகாது என்பது பொது விதி. ஏன்? ஈர நெல் சுவாசிக்கும், குவியல் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும். ஆகவே விதி நியாயமானதே.

20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 80 கிலோ. அதை 17 சதவீதத்திற்குக் காயவைத்தால் எடை சுமார் 96.4 கிலோவாகும். குறைந்தது வெறும் நீரே!

உண்மையான நட்டம் காத்திருப்பதில்தான் உள்ளது. வாங்கிய 40 கிலோ மூட்டைகளைக் கிடங்கிற்கு ஏற்றிச் செல்ல லாரி தாமதித்தால், நிலையத்தில் இடமிராது, கொள்முதல் நிற்கும். இடையில் ஒரு மழை பெய்தால் காய்ந்த நெல் மீண்டும் நனையும்.

சென்ற சொர்ணவாரி அறுவடையில் ஐந்து நாள் காத்திருந்த என் தந்தை, மேகம் திரளக் கண்டு, களத்திலேயே வியாபாரியிடம் குறைந்த விலைக்கு விற்றுவிட்டார். என் தேர்வுக் கட்டணம் அந்தப் பணம்தான்.

விலையை உயர்த்தினால் மட்டும் போதுமா? உலர்களமும் கூரையும் வேண்டும். வேளைக்கு லாரியும் வேண்டும். அன்றுதான் அறிவித்த விலை உழவன் கைக்கு வந்து சேரும்.